கறுப்பு மட்டும்தான் வேண்டும், மஞ்சள் எதற்கு?

ஜூன் 2, கேள்வி

வீட்டில் கலர் இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. நாலு மாதமாகத் தொடவில்லை. பையனின் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரே ஒரு பக்கம் எடுக்கப் போனால், மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிட்டது. எனக்கு வேண்டியது கறுப்பு. அது முக்கால்வாசி இருக்கிறது. சரி, ஸ்கேனாவது எடுக்கலாம் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறது. ஸ்கேனுக்கும் மைக்கும் என்ன சம்பந்தம்? இது பழுதா, இல்லை வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா?

ஜூன் 2, இரவு 10.50

வேண்டுமென்றேதான்.

தாலுகா ஆபீஸ் எதிரில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன் வந்தால் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், டி.சி. நகல் என்று வாசலில் நிற்க இடம் இருக்காது. இந்தப் பதினாறு வருடத்தில் ஒன்பது பிரிண்டர்களைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். உழைத்துத் தேய்ந்து போனவை நாலுதான். மற்ற ஐந்தும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இனி மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டவை.

மஞ்சளுக்கு வருகிறேன். அடிக்கிற ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை வைக்கிறார்கள். எந்த மெஷினில் எப்போது அடித்தது என்று பின்னால் கண்டுபிடிக்கத்தான் அது. மஞ்சள் இல்லையென்றால் புள்ளி வைக்க முடியாது, அதனால் நிற்கிறது. மஞ்சள் வாங்கிப் போடுங்கள், வேறு வழி இல்லை.

ஜூன் 3, காலை 6.15

நேற்று எழுதியதில் பாதி தப்பு. மஞ்சள் புள்ளி உண்மைதான், ஆனால் அது கலர் லேசர் மெஷின்களின் கதை. 2005இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, ஜெராக்ஸ் கம்பெனியின் டாக்குகலர் மெஷின் அடித்த தாள்களை நீல வெளிச்சத்தில் பார்த்து, அந்தப் புள்ளிகளில் தேதி, நேரம், மெஷினின் சீரியல் நம்பர் மூன்றும் இருப்பதைப் படித்துக் காட்டியது. கள்ளநோட்டுக்காரர்களைப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் வீட்டு இங்க்ஜெட் நிற்பதற்கும் அதற்கும் நான் போட்ட முடிச்சு சரியில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஐந்தாறு வருடமாக இதையே ரகசியம் சொல்வதுபோலச் சொல்லி வந்திருக்கிறேன்.

இங்க்ஜெட் மஞ்சள் கேட்பதற்குக் காரணங்கள் வேறு. மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் மை வராமல் ஓட்டினால் காற்று ஏறும், சூடாகும், அடைத்துக்கொள்ளும், பிறகு ஹெட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். அப்புறம், நாம் கறுப்பு என்று நினைக்கிற பல இடங்களில், முக்கியமாகப் படங்களில், மூன்று கலரையும் கலந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. ஹெட்டைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்போது எல்லா மையையும் சேர்த்து உறிஞ்சுகிறது. உங்கள் மஞ்சள் நாலு மாதத்தில் எங்கே போனது என்றால், அப்படித்தான் போயிருக்கும். நீங்கள் ஒரு பக்கம்கூட அடிக்காமல், மெஷின் தன் வாயைக் கழுவிக் கழுவியே தீர்த்திருக்கிறது.

இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனாலும் "கறுப்பு மட்டும் போதும், ஓட்டு" என்று ஒரு பொத்தான் வைக்கலாமே? சில மாடல்களில் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் முடியும். மற்றவற்றில் வைக்க வேண்டாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

ஸ்கேனுக்கு எந்த நியாயமும் கிடையாது. கண்ணாடி, விளக்கு, சென்சார், ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான் ஸ்கேனர். மை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மை தீர்ந்தால் ஸ்கேன் நிற்கிறது என்பதற்காக 2021இல் அமெரிக்காவில் கேனன் மீது வழக்கே போட்டார்கள்.

ஜூன் 3, மதியம்

அவசரத்துக்குப் போன் கேமராவிலேயே எடுங்கள். டியூப்லைட்டுக்கு நேர்கீழே வைக்காதீர்கள், உங்கள் தலை நிழல் விழும். ஜன்னல் ஓரம் நல்லது. சேர்க்கைக்குப் போதும்.

ஜூன் 4, இரவு 11.20

"மெஷின் மூவாயிரம் ரூபாய், கார்ட்ரிட்ஜ் ஒரு ஜோடி இரண்டாயிரம் ரூபாய், இது என்ன கணக்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கை அவர்களே சொல்லிவிட்டார்கள். 2024 ஜனவரியில் எச்.பி. கம்பெனியின் தலைவராக இருந்த என்ரிக்கே லோரஸ் ஒரு டிவி பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். பிரிண்டர் விற்பது வாடிக்கையாளர் மேல் போடும் முதலீடு, அவர் போதிய அளவு அடிக்காவிட்டாலோ, எங்கள் மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடு, இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பதினாறு வருடமாக ரீஃபில் மையிலேயே பிழைப்பு ஓட்டியவன் நான். எவ்வளவு மோசமான முதலீடாக இருந்திருப்பேன்! இதை வீட்டில் சொன்னேன். "எங்க அப்பாவும் உங்களைப் பத்தி அதையேதான் சொல்வார்" என்று பதில் வந்தது.

சரி, எல்லா மெஷினும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் எந்த ஊர் ஜெராக்ஸ் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் மூலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும்: எச்.பி. லேசர்ஜெட் 1020, அல்லது கேனன் எல்பிபி 2900. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. எச்.பி.யின் சின்ன லேசர்களுக்கு உள்ளே இருக்கும் இன்ஜினைச் செய்து கொடுத்தது கேனன்தான். எச்.பி.க்குப் போடும் 12ஏ கார்ட்ரிட்ஜைக் கேனனில் போடலாம், கேனனுக்குப் போடும் 303ஐ எச்.பி.யில் போடலாம். இது எங்கள் கம்பெனி கார்ட்ரிட்ஜ்தானா என்று மெஷின் சோதித்துப் பார்க்கும் சிப் இரண்டு கார்ட்ரிட்ஜிலும் கிடையாது. ஒருமுறை நிரப்பினால் சுமார் 2,000 பக்கம்.

சிப் இல்லாததால் ஒரு தொழிலே உருவானது. எங்கள் ஊருக்கு ரீஃபில் செய்கிறவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். கடைப் படிக்கட்டில் பழைய தினத்தந்தியை விரிப்பார். பக்கவாட்டு பின்னைத் தட்டி எடுத்து கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரிப்பார். டிரம்மைத் துணியால் மூடி வெயில் படாமல் ஒதுக்கி வைப்பார். வேஸ்ட் பவுடரைக் கொட்டுவார், வைப்பர் பிளேடைத் துடைப்பார், மேக்னடிக் ரோலரை ஊதுவார், புது பவுடரை நிரப்புவார், ஓட்டைக்கு செலோ டேப். கால் மணி நேர வேலை. முதலில் 150 ரூபாய் வாங்கினார், இப்போது 300. ஒரிஜினல் கார்ட்ரிட்ஜின் விலை இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். வேலை முடிந்ததும் ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பொண்ணு ஜாதகம் பார்ப்பதுபோல.

1020இல் இன்னொரு வேடிக்கை. கரண்ட் போனால் அதற்குத் தன் வேலையே மறந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து அந்த உள்புரோகிராமை மறுபடி ஊட்ட வேண்டும். செலவைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். எங்கள் ஊரில் தினமும் நாலு தடவை கரண்ட் போன காலத்தில் நாலு தடவையும் பாடம் எடுத்தேன்.

ஜூன் 5

"ரீஃபில் செய்தால் மெஷின் கெடும் என்பதும் உண்மைதானே?" உண்மைதான். மட்டமான பவுடர் போட்டு ஒரு டிரம் முழுக்கக் கீறல் விழுந்தது. பேப்பர் முழுக்க நீளக் கோடு. ஒரு வாரம் அதையே ஜெராக்ஸ் என்று கொடுத்தேன். ஒரு டீச்சர் அம்மா மட்டும் "ஏங்க, இது ரூல்டு பேப்பரா?" என்று கேட்டார்.

ஜூன் 6, இரவு

நேற்றே எழுத நினைத்தது. 2019 என்று ஞாபகம். 1020க்குத் துணையாக ஒரு புது லேசர் வாங்கினேன். வைஃபை உள்ளது. கம்பெனி பெயர் வேண்டாம், எழுதினால் அந்தக் கம்பெனி ரசிகர்களும் எதிரிகளும் வந்துவிடுவார்கள். ரீஃபில் சிப் போட்ட கார்ட்ரிட்ஜ் எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு திங்கள்கிழமை காலை ஒன்பதரை மணி. துணைத்தேர்வு ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மெஷின் திரையில் இந்த கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படாது என்று வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே கார்ட்ரிட்ஜில் அறுபது பக்கம் எடுத்திருக்கிறேன். இடையில் யாரும் கடைக்குள் வரவில்லை. ஷட்டர் பூட்டியிருந்தது. வைஃபை வழியாக அப்டேட் மட்டும் வந்து போயிருக்கிறது.

அன்றைக்கு எனக்கு நஷ்டம் என்று பார்த்தால் நூறு இருநூறு ரூபாய்தான். 1020 ஒன்றை வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஆனால் வரிசை நகரவில்லை. பத்து மணிக்குத் தேர்வு மையத்தில் இருக்க வேண்டிய ஒரு பையன், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு கடைக்கு ஓடினான். எந்தக் கார்ட்ரிட்ஜ், எந்தக் கம்பெனி என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை என் கடையில் பிரிண்ட் வரவில்லை, அவ்வளவுதான். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

அன்றே வைஃபையை எடுத்துவிட்டு யுஎஸ்பி வயர் மாட்டினேன். தாமதம். உள்ளே போனது போனதுதான்.

ஜூன் 7

"அது உன் ரீஃபில்காரர் போட்ட சிப்பின் கோளாறாக இருக்கும், கம்பெனி ஏன் வேலை மெனக்கெட்டு உன் கடையை நிறுத்தப் போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் விஷயத்தில் இருக்கலாம், என்னால் நிரூபிக்க முடியாது. ஊரறிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2016 செப்டம்பர் 13. எச்.பி.யின் ஆஃபீஸ்ஜெட் வகை இங்க்ஜெட் மெஷின்கள் பல நாடுகளில் ஒரே நாளில் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. அந்த அப்டேட் அதற்கு முன்பே மெஷின்களுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. தேதி வரும்வரை சும்மா இருந்தது. நல்ல நாள் பார்த்து வைத்ததுபோல. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே எச்.பி. சரியாக முன்கூட்டிச் சொல்லவில்லை என்று வருத்தம் தெரிவித்து, வேண்டுமானால் அந்தத் தடையை எடுத்துவிடும் இன்னொரு அப்டேட்டைத் தருவதாகச் சொன்னது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம், வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது.

அவர்கள் தரப்பு வாதம்: தரம், பாதுகாப்பு, எங்கள் கண்டுபிடிப்புக்கான உரிமை. கார்ட்ரிட்ஜ் சிப் வழியாக வைரஸ் வரலாம் என்றும் சொன்னார்கள். படிக்கட்டில் தினத்தந்தி விரித்து உட்காரும் எங்கள் ஆள் மூலமாகச் சர்வதேச வைரஸ் வருமா என்று அவரிடமே கேட்டேன். "பவுடரே ஒழுங்கா வர்றதில்ல சார்" என்றார்.

ஜூன் 7, பின்னிரவு

ஒரு விட்டுப்போன விஷயம், சிரிக்காமல் படிக்கவும். 2022 ஜனவரியில் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. கேனனுக்கு டோனரில், அதாவது லேசர் மெஷினின் பவுடர் கார்ட்ரிட்ஜில், வைக்கச் சிப் கிடைக்கவில்லை. சிப் இல்லாமலேயே ஒரிஜினல் டோனரை விற்க வேண்டிய நிலை. மெஷின் தன் சொந்தக் கம்பெனி டோனரையே பார்த்து நீ யார் என்று கேட்டது. அப்போது ஜெர்மனியில் கேனனே வாடிக்கையாளர்களுக்கு, இந்த எச்சரிக்கை வந்தால் இப்படித் தாண்டிப் போங்கள் என்று வழி சொல்லிக் கொடுத்தது. அச்சின் தரம் குறையாது, டோனர் எவ்வளவு மீதி என்று காட்டுவது மட்டும் சரியாக இருக்காது என்றும் சொன்னது.

இதைத்தான் எங்கள் எக்ஸெல்காரர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 8

ஜூன் 2இல் கேள்வி கேட்டவர் சொல்கிறார்: மஞ்சள் வாங்கிப் போட்டாராம். இப்போது நீலம் கேட்கிறதாம்.

ஜூன் 8, மாலை

மன்னிக்கவும், நான்தானே வாங்கச் சொன்னேன். ஒன்று செய்யுங்கள், அந்த நீல கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் பாருங்கள். மை தீர்ந்தது என்று மெஷின் சொல்வது பெரும்பாலான மாடல்களில் அளந்து பார்த்துச் சொல்வதல்ல. எத்தனை துளி தெளித்தோம், எத்தனை தடவை கழுவினோம் என்று எண்ணி, இந்நேரம் தீர்ந்திருக்கும் என்று போடும் உத்தேசக் கணக்கு. பால்காரர் வீட்டுக் கதவில் கரிக்கோடு போட்டு மாசக் கணக்குப் பார்ப்பது மாதிரி. கோடு சொல்வதும் குடித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குலுக்கினால் உள்ளே சலசலவென்று கேட்கலாம். கேட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு.

ஜூன் 10

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒரு பிரிண்டர் மேல் வந்த கோபத்தால் கம்ப்யூட்டர் உலகமே கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் புரோகிராமராக வேலை செய்துகொண்டிருந்தார். பழைய பிரிண்டரின் புரோகிராமைத் திருத்தி, பேப்பர் சிக்கினால் வேலை கொடுத்தவர்களின் திரையில் தகவல் வரும்படி செய்து வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புது லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதிலும் பேப்பர் சிக்கியது. ஆனால் அதன் புரோகிராமைத் திருத்த மூலநிரல் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு மனதில் ஆழமாகப் பதிந்தது என்று ஸ்டால்மன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1983இல் குனூ என்ற, யாரும் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். இன்றைக்கு லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கம்ப்யூட்டர் இயங்குதளத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது.

பேப்பர் சிக்கியதற்கு நான் இதுவரை செய்தது, மெஷினின் பின்மூடியை ஓங்கித் தட்டியது மட்டுமே.

ஜூன் 11

"நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள், அதில் எதை நிரப்பினால் அவர்களுக்கென்ன, சட்டம் இல்லையா?" நல்ல கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

லெக்ஸ்மார்க் கம்பெனி டோனரை இரண்டு விலையில் விற்றது. முழு விலை கொடுத்தால் உன் இஷ்டம். தள்ளுபடி விலையில் வாங்கினால் ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும், காலியானதை எங்களுக்கே திருப்ப வேண்டும். காலி கார்ட்ரிட்ஜ்களை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி மீது காப்புரிமை வழக்கு. 2017 மே 30 அன்று தீர்ப்பு: விற்ற பிறகு அந்தப் பொருளின் மேல் காப்புரிமையை வைத்து மிரட்ட முடியாது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பழைய கார்களைச் சரிசெய்து விற்கும் கடையை உதாரணமாகச் சொன்னார். காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் காப்புரிமைக்காரரும் வழக்குப் போட முடியும் என்றால் அந்தக் கடை எப்படி நடக்கும் என்பது அவர் கேள்வி.

இதைப் படித்தபோது வெகு சந்தோஷமாக இருந்தது. எக்ஸெல்காரருக்குப் படித்தும் காட்டினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "சரி சார், ஆனா சிப்பு?" என்றார். அதுதான். வழக்குப் போடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லலாம். சிப் வழக்குப் போடுவதில்லை, ஓட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

இங்கே 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. மொபைல், வீட்டுச் சாமான், வண்டி, விவசாயக் கருவி என்று நாலு பிரிவு. மைக்கு அதில் வழி எதுவும் நான் பார்க்கவில்லை.

ஜூன் 13, இரவு

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். கம்பெனி முடிவு செய்கிறது, நாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம் என்று ஒரே ஒப்பாரியாக இருக்கிறது. இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. கடைக்காரர்கள் போட்ட ஓட்டையைப் பார்த்துக் கம்பெனி மாறிய கதை.

2008, 2009 வாக்கில் நாங்கள் எல்லோரும் இங்க்ஜெட்டின் மூடியில் ஓட்டை போட்டோம். வெளியே நாலு மை பாட்டில், அதிலிருந்து நாலு மெல்லிய குழாய் உள்ளே கார்ட்ரிட்ஜுக்கு. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவது மாதிரி இருக்கும். பாட்டிலை மெஷினைவிட உயரத்தில் வைத்துவிட்டால் மை தானாக இறங்கி மேஜையெல்லாம் ஓடும். நானும் செய்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, போட்டோ என்று அடித்து விற்ற காலம், குழாய் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது.

இதே வேலையை இந்தோனேசியாவிலும் செய்துகொண்டிருந்தார்கள். எப்சன் கம்பெனி அதைப் பார்த்தது. ஓட்டை போடுகிறவர்களைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிட நாமே பாட்டிலை வைத்து விற்றால் என்ன என்று, 2010இல் இந்தோனேசியாவில் மைத்தொட்டி பிரிண்டரை முதலில் இறக்கியது. மெஷின் விலை அதிகம், மை விலை குறைவு. பழைய கணக்கு தலைகீழ். சில வருடத்தில் கேனன், எச்.பி. என்று எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். இன்று எந்தக் கடையில் கேட்டாலும் "இங்க் டேங்க் வாங்குங்க" என்பார்கள். அந்த யோசனை எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை, எங்களைப் போன்றவர்களின் டிரில் முனையில் பிறந்தது. இதை எழுதும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது என்பதை மறைக்கவில்லை.

ஜூன் 14

"அப்போ டேங்க் வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?" என்று மூன்று பேர்.

இல்லை. பெரும்பாலான இங்க்ஜெட்டுகளில் அடியில் ஒரு பஞ்சு இருக்கிறது. ஹெட்டைக் கழுவிய மை அதில்தான் போய்ச் சேரும். மெஷின் அதற்கும் கரிக்கோடு போட்டு எண்ணுகிறது. எண்ணிக்கை முடிந்ததும் சில மாடல்களில் இரண்டு எச்சரிக்கை விளக்குகள் மாறி மாறி மின்னும். அதற்குப் பிறகு அசையாது. என் டேங்க் பிரிண்டர் மூன்றாவது வருடம் இப்படி நின்றது. இதுவும் பெயர் வேண்டாம். சர்வீஸ் சென்டரில் "புதுசே வாங்கிடலாமே சார்" என்றார்கள். தொட்டியில் பாதிக்கு மேல் மை. ஹெட் பழுதில்லை. ஒரு எண் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ரீசெட் கீ வாங்கி எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மெஷின் உயிர் பெற்றது. எவ்வளவு ஏமாற்று வேலை என்று அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோரிடமும் பேசினேன்.

ஜூன் 15

நேற்றைய குறிப்பில் மீதிக் கதையைச் சொல்லாமல் நிறுத்தினேன். சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடி விளக்கு மின்னியது. மறுபடி ரீசெட். பஞ்சைத் திறந்து பார்க்கவே இல்லை. ரீசெட் செய்தால் போதும் என்று நம்பிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை கடையைத் திறந்தால் மேஜை விளிம்பிலிருந்து கறுப்பும் சிவப்பும் கலந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தட்டில் இருந்த பிரிக்காத ரீம் பேப்பர் இரண்டும் காலி. ரசீது புத்தகமும் நனைந்துவிட்டது. நல்லவேளை, யாருடைய ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அன்றைக்கு அங்கே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆக அந்த எண் பொய் சொல்லவில்லை. பஞ்சு உண்மையிலேயே நிரம்பியிருந்தது. அதைக் கழற்றிக் குழாயடியில் பிழிந்து மூன்று நாள் வெயிலில் போட்டேன். என் விரல்கள் ஒரு வாரம் மயில் கழுத்து நிறத்தில் இருந்தன. நாலு திருகு, ஒரு பஞ்சு, அரை மணி நேரம். இதைச் செய்ய வழி இருக்கும்போது "புதுசே வாங்கிடலாமே" என்றதில்தான் என் சண்டை, நிறுத்தியதில் இல்லை. இப்போது சில புது மாடல்களில் அந்தப் பஞ்சுப் பெட்டியை வாங்குகிறவரே கழற்றி மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். முன்பே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஜூன் 16

ஜூன் 14 குறிப்பைப் படித்துவிட்டு ரீசெட் கீ எங்கே கிடைக்கும் என்று கேட்டு எட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஜூன் 15 குறிப்பைப் படித்துவிட்டுப் பஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டவர் ஒருவர்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் நேரிலேயே வந்துவிட்டார். பக்கத்து ஊர்தான். நீலமும் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார், ஹெட் காய்ந்துவிட்டது, இப்போது எந்தக் கலரும் வரவில்லை. பையனின் சேர்க்கை முடிந்துவிட்டது, அந்த ஒரு பக்கத்தைப் பஸ் ஸ்டாண்டு கடையில் எடுத்துக்கொண்டாராம். பிரிண்டரை டிவிஎஸ் டேங்க் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்து, "இதை யாராவது வாங்குவாங்களா?" என்றார்.

வாங்க மாட்டார்கள். மாதம் பத்துப் பக்கம் அடிக்கிற வீட்டுக்கு இங்க்ஜெட்டே வேண்டாம் என்பதை ஜூன் 2ஆம் தேதியே சொல்லியிருக்க வேண்டும், மஞ்சள் புள்ளிக் கதைக்குப் பதிலாக. செகண்ட் ஹேண்டில் ஒரு 1020 பார்த்துச் சொல்கிறேன் என்றேன். டோனர் பவுடர்தான், வருடம் முழுக்கச் சும்மா கிடந்தாலும் காயாது.

எக்ஸெல்காரரும் அப்போது படிக்கட்டில் இருந்தார். இருவருமாக அதைப் பிரித்தோம். ஸ்கேனரின் கண்ணாடி மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. அதைக் கழுவிக் கல்லா மேஜை மேல் வைத்து, அடியில் விலைப்பட்டியலைச் சொருகிவிட்டேன். கறுப்பு 2 ரூபாய், கலர் 10 ரூபாய், ஸ்கேன் 5 ரூபாய்.